கன்று முட்டியதும் மூளையில் நடப்பது

கறவை மாடு நிற்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கன்றை ஊட்ட விடாமல் மடியில் கை வைத்தால் நாட்டு மாடு லேசில் பால் தராது. கன்று வந்து நாலு தடவை முட்டிச் சப்ப வேண்டும். அப்போதுதான் காம்பு விறைத்துப் பால் இறங்கும். கன்று செத்துப்போனால் வீட்டுக்காரருக்கு இரட்டை நஷ்டம். அதற்காகவே செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, கறக்கிற நேரத்தில் தாயின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வழக்கம் இருந்தது. குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டின் வயல்புறக் கிராமங்களும் அதற்கு விலக்கில்லை. மாடு அந்த வைக்கோல் கன்றை நக்கும். பால் இறங்கும்.

பார்க்கிறவர்களுக்கு அது பாவமாகத் தோன்றும். மாட்டின் மூளையோ தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கன்றின் வாசனையும் அதைக் கண்ட காட்சியும் காம்பில் படும் தொடுகையும் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியை எட்டுகின்றன. அங்கே தயாராகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்பட்டிருக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. மடிக்குள் இருக்கும் நுண்ணிய பால் அறைகளைச் சுற்றியுள்ள தசைகளை அது இறுக்க, பால் காம்புக்கு வருகிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரு நிமிட வேலை. சில நிமிடங்களில் அதன் வேகம் தணிந்துவிடும். கைதேர்ந்த கறவைக்காரர் நடுவில் எழுந்துபோய் ஊர்க்கதை பேசாததற்குக் காரணம் இதுதான்.

பயம் வந்தால் இந்த ஏற்பாடு அப்படியே நின்றுவிடும். 1941-இல் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்த விதம் இன்றைக்கும் சிரிப்பை வரவழைக்கும். கறக்கப்போகும் மாட்டின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி ஊதி வெடித்தார்கள். மாடு பாலை எக்கிக்கொண்டது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடுகிறது. புது ஆள் கறக்க வந்தால் மாடு அடக்கிக்கொள்கிறது என்று நம்மூர்ப் பெண்கள் சொல்லிவந்ததற்கு விஞ்ஞானம் கொடுத்த சாட்சி அது.

இதே ஆக்சிடோசினை ஊசியில் ஏற்றிக் கறக்கும் குறுக்குவழியும் நாட்டில் பரவியது. கன்றும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கறவை மாடுகளின் உடல்நலத்தைக் கெடுக்கும் இத்தகைய ஊசிகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. 2018-இல் மத்திய அரசு இன்னும் ஒரு படி மேலே போய், தனியார் நிறுவனங்கள் இந்த மருந்தைத் தயாரிக்கவே தடை விதித்தது. அரசுத் துறையைச் சேர்ந்த கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் ஒன்றே தயாரிக்கலாம் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. காரணம், மாட்டுத் தொழுவத்துக்கு வெகுதூரத்தில் இருக்கும் பிரசவ அறை.

பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. தாய் இறந்துபோகும் அளவுக்குப் போகும். அதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைக்கும் மருந்து ஆக்சிடோசின்தான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொடங்கி மூலை முடுக்கிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் வரை குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து அது. ஒரே ஒரு தொழிற்சாலையை நம்பி நாட்டின் தாய்மார்களை விடுவது எப்படி என்பதுதான் நீதிமன்றத்தில் எழுந்த கேள்வி.

இந்தப் பொருளின் வரலாறும் கருப்பையில்தான் தொடங்குகிறது. 1906-இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல், பிட்யூட்டரியிலிருந்து எடுத்த சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கவைப்பதைக் கண்டார். அந்தச் சாற்றுக்குள் இருப்பது ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சின்னஞ்சிறு மூலக்கூறு என்று தெரியவர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. வின்சென்ட் டு விக்னியோ 1953-இல் அதை ஆய்வகத்தில் செய்தே காட்டினார். 1955-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குப் போனது. அதுவரைக்கும் ஆக்சிடோசின் என்றால் பிரசவமும் பாலும்தான். மனசுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று எவரும் பெரிதாக நினைக்கவில்லை.

நினைக்கவைத்தது எலி. 1979-இல் பெடர்சன், பிரேஞ்ச் என்ற இருவர், குட்டியே போடாத பெண் எலிகளின் மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்திப் பார்த்தார்கள். பொதுவாக அந்நியக் குட்டியைக் கண்டால் ஒதுங்குகிற, சிலசமயம் கடித்தே போடுகிற அந்த எலிகள், குட்டிகளை வாயில் கவ்வி ஒன்றுசேர்க்கவும் நக்கவும் தொடங்கின. பின்னர் செம்மறி ஆடுகளில் பாரி கெவர்ன், கீத் கென்ட்ரிக் முதலியோர் கண்டது இன்னும் தெளிவானது. ஈன்ற ஆடு ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தன் குட்டியின் வாசனையை மனசில் பதித்துக்கொள்ளும்; வேறு குட்டி வந்தால் முட்டித் தள்ளும். ஈனும்போது பிறப்புப் பாதை விரிவதுதான் மூளைக்குள் ஆக்சிடோசினை எழுப்பி அந்தப் பதிவுக்கு வழிசெய்கிறது. செயற்கையாக அந்த விரிவை உண்டாக்கினாலே, ஆடு முன்பு தள்ளிய குட்டியையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. பாசம் பிறக்கிற நேரத்திலேயே ‘இது என்னுடையது, அது இல்லை’ என்ற பிரிப்பும் கூடவே பிறக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும்.

அடுத்து வந்தது புகழ்பெற்ற புல்வெளி எலிக் கதை. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒருவகை எலி, இணைசேர்ந்தால் ஆயுள் முழுக்கச் சேர்ந்தே இருக்கும். ஆணும் குட்டி வளர்க்கும். அதன் நெருங்கிய உறவான மலை எலியோ ஒரு நாள் உறவோடு சரி. சூ கார்ட்டர், தாமஸ் இன்செல், லாரி யங் முதலியோர் இந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டின் மூளையிலும் ஆக்சிடோசின் உண்டு. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கும் இடம்தான் வேறு. பேச்சிப்பாறை அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் மடை இருக்கிற வயலுக்குத்தானே பாயும்? புல்வெளி எலிக்கு மகிழ்ச்சியைக் கையாளும் பகுதியில் அந்த மடைகள் நிறைய. துணையோடு இருப்பதே அதற்குப் பரிசாகப் படுகிறது. ஆண் எலியிடம் வாசோப்ரெஸ்ஸின் என்ற இன்னொரு ஹார்மோன் இதே வேலையைச் செய்வதும் தெரிந்தது. ஆக்சிடோசினிலிருந்து இரண்டே அமினோ அமிலம்தான் அதற்கு வித்தியாசம். சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் அதே பொருள், துணையை விட்டுப் போகாமலும் பிடித்துவைக்கிறது. இயற்கை சிக்கனக்காரி; கையில் இருப்பதை வைத்தே இரண்டு காரியம் பார்த்துவிடும்.

இதற்குப் பிறகு பத்திரிகைகள் சும்மா இருக்குமா? ‘காதல் ஹார்மோன்’, ‘அணைப்பு ஹார்மோன்’ என்று பட்டம் சூட்டின. 2005-இல் சூரிச்சில் நடந்த ஒரு சோதனை எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. மாணவர்கள் முன்பின் தெரியாத ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து நம்ப வேண்டும்; அவர் திருப்பித் தரலாம், தராமலும் போகலாம். மூக்கில் ஆக்சிடோசின் தெளித்துக்கொண்ட 29 பேரில் 13 பேர் கையிலிருந்த முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். வெறும் திரவம் தெளித்துக்கொண்ட 29 பேரில் 6 பேர்தான் கொடுத்தார்கள். நம்பிக்கையைப் புட்டியில் அடைத்துவிட்டார்கள் என்று உலகமே பேசியது. இணையக் கடைகளில் ‘நம்பிக்கைத் தெளிப்பான்’ விற்பனைக்கு வந்தது.

பதினைந்து ஆண்டு கழித்து, அதே ஆய்வை முன்னின்று செய்தவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் ஃபெர் வேறு குழுவோடு சேர்ந்து, அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதைத் திரும்பச் செய்தார். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் விளைவு ஒன்றும் தெரியவில்லை. உலகையே பேசவைத்த தன் முடிவைத் தானே சோதனைக்கு வைத்து, தேறவில்லை என்று அச்சில் போட்ட அந்த நேர்மைக்குத் தனியாகவே ஒரு பரிசு தரலாம். 2021-இல் ஆட்டிசம் உள்ள 290 பிள்ளைகளிடம் 24 வாரம் நடத்தப்பட்ட பெரிய சோதனையிலும் ஆக்சிடோசின் தெளிப்பான், போலி மருந்தைவிட மேலாக எதையும் செய்யவில்லை. அந்தப் பெற்றோர்களின் ஏமாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. இன்றைக்கும் இதைச் சொல்லி யாராவது புட்டி விற்க வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

எலிக் கதையும் ஆட்டம் கண்டது. 2023-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் மரபணுத் திருத்தம் மூலம் ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத புல்வெளி எலிகளை உருவாக்கினார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, ஜோடியோடே இருந்தன, குட்டிகளையும் வளர்த்தன. ஒரே ஒரு ரசாயனத்தின் தலையில் பாசத்தின் பாரம் முழுவதையும் ஏற்றிவைத்தது தவறு என்று தெரிந்தது. மூளை பல வழிகளில் உறவைப் பின்னுகிறது. ஆக்சிடோசின் அதில் ஓர் இழை. டோபமைன், எண்டோர்பின், வாசோப்ரெஸ்ஸின் எல்லாம் வேறு இழைகள். உறவைப் பின்னும் வகையில் அவை சுரப்பதற்கு யாராவது ஒருவர் பக்கத்தில் வர வேண்டும், தொட வேண்டும், கூட இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப வர வேண்டும். சுரப்பு நெருக்கத்தைப் பிறப்பிப்பதைவிட, நெருக்கம் சுரப்பைப் பிறப்பிப்பதே அதிகம்.

பேறுகாலத்து வீட்டைப் பார்த்தால் இது கண்கூடு. பாட்டி இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் குழந்தையைக் கிடத்தி, தேங்காய் எண்ணெய் தடவி நீவிக் குளிப்பாட்டுவாள். மனிதத் தோலில், முடி உள்ள பகுதிகளில், மெல்லிய தடவலுக்கென்றே தனி நரம்பிழைகள் இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில், தோலின் இயல்பான சூட்டுக்கு நெருங்கிய வெப்பத்தில் யாராவது தடவினால்தான் அவை நன்றாக விழிக்கும். வேகமாகத் தேய்த்தால் கண்டுகொள்ளாது. குளிப்பாட்டுகிற பாட்டியின் கை ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் போகிறது. அந்த இழைகள் ‘எங்கே தொட்டார்கள்’ என்ற தகவலைவிட, தொட்டது இதமாக இருக்கிறது என்ற உணர்வையே மூளைக்குக் கொண்டுபோகின்றன.

அப்பாக்களுக்கும் இதில் இடமுண்டு. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களை 2005-லும் 2009-லும் சோதித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் கல்யாணமாகித் தகப்பனானவர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் அது மற்ற தகப்பன்களைவிடக் குறைவு. ஆண்மை குறைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். ஆணின் உடம்பு பிள்ளை வளர்க்கவும் ஆயத்தமாகும் என்பதற்கான அடையாளம் அது. பிள்ளையைத் தூக்காத அப்பாவிடம் இந்த மாற்றம் முழுதாக வருவதில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ரத்த உறவு இல்லாதவர்கள் எப்படி ஒன்றாகிறார்கள்? இதற்கு விடை தேடினால் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்குப் போகலாம். கரைமடி இழுக்கிறவர்கள் இரண்டு வரிசையாக நின்று, வள்ளம் கடலில் வளைத்து விட்டுவந்த வலையை இரண்டு பக்க வடத்தையும் பிடித்துக் கரைக்கு இழுப்பார்கள். ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். அம்பாப் பாட்டு என்று கடலோரத்தில் அதற்குப் பெயர். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் கைகள் ஒரே நேரத்தில் இழுக்காது என்பது ஒரு காரணம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளை வைத்து ராபின் டன்பார் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. 12 வீரர்கள் துடுப்புப் பயிற்சி எந்திரத்தில் 45 நிமிடம் தனியாக உழைத்தார்கள். இன்னொரு நாள் அதே உழைப்பை ஒரே தாளத்தில் குழுவாகச் செய்தார்கள். குழுவாகச் செய்த நாளில் அவர்களால் அதிக வலியைத் தாங்க முடிந்தது. மூளையே தயாரிக்கும் வலிநிவாரணியான எண்டோர்பின் கூடுதலாகச் சுரந்ததன் அறிகுறியாக அதை ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். எண்டோர்பின் வலியைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் ஒட்டுதலையும் உண்டாக்குகிறது. சேர்ந்து பாடுவதும் சேர்ந்து சிரிப்பதும்கூட இதே விளைவைத் தருவதாக டன்பார் குழு பின்னர் கண்டது.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவிலும் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கிறது. குடமும் உடுக்கும் ஜால்ராவும் வேகமெடுக்க எடுக்க, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊர்சனத்தின் தலையும் சேர்ந்தே ஆடும். கொடை முடிந்தபிறகு வரியைப் பிரிப்பதிலும் பந்தலைப் பிரிப்பதிலும் தெரியும் அந்த ஒற்றுமைக்குப் பக்தி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நம்மூர்க் கொடையை இப்படி அளந்து பார்த்தவர் உண்டா என்பதைவிட, தமிழர்களின் இன்னொரு விழா அளக்கப்பட்டிருக்கிறது என்பது சுவாரசியம். மொரீஷியஸ் தீவில் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கும் தமிழ் வம்சாவளியினரை மானுடவியலாளர் திமித்ரிஸ் சிகலாடாஸ் குழுவினர் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஆய்வில் கலந்துகொண்டதற்காக ஒவ்வொருவர் கையிலும் 200 ரூபாய் கொடுத்து, விருப்பமிருந்தால் கோயிலுக்கு ரகசியமாகக் காணிக்கை போடலாம் என்றார்கள். சாதாரணக் கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்கள் சராசரியாக 81 ரூபாய் அளவுக்குப் போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் போட்டது 133 ரூபாய் அளவு. காவடிக்குக் கூட நடந்து வந்த சொந்தபந்தங்கள் போட்டதோ 161 ரூபாய்! வலி அதிகம் என்று சொன்னவர்கள் அதிகம் கொடுத்திருந்தார்கள். அடுத்தவர் வலியைப் பார்த்துக்கொண்டே நடந்தவர்களுக்கும் கை தாராளமாகியிருந்தது.

இனி அந்தச் செம்மறி ஆட்டுக்கு வருவோம். தன் குட்டியை நக்குகிற அதே ஆடுதான் அடுத்த குட்டியை முட்டுகிறது. நெதர்லாந்தின் கார்ஸ்டன் டி ட்ரூ 2010 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் ஆக்சிடோசின் தெளித்துக்கொண்டவர்கள் தங்கள் குழுவினருக்கு அதிகம் விட்டுக்கொடுத்தார்கள். ஆபத்தில் ஒருவரைப் பலிகொடுக்க வேண்டிய கற்பனைக் கேள்வியில், தங்கள் நாட்டுப் பெயர் உள்ளவரைப் பலிகொடுக்கத் தயங்கினார்கள். தெளிப்பான் ஆய்வுகளுக்குரிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனால் தன் கூட்டத்தை அணைத்து மற்றதைத் தள்ளும் போக்கு குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது.

1982 மார்ச் 1 அன்று மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் மாசிக் கொடை நாட்களில் மூண்ட மோதல், கடலோர ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் பரவி மதக் கலவரமானது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. கலவரத்துக்கு அரசியலும் வதந்தியும் பழைய கணக்குகளும் காரணம். ஹார்மோன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எவருக்கும் உரிமை கிடையாது. ஆனால் ஒரே தாளத்தில் பாடி இழுத்த கூட்டமும், ஒரே குரலில் குரவையிட்ட கூட்டமும் எதிரெதிரே நிற்கும்போது உள்ளே இருக்கும் ஒட்டுதலே வெளியே வேலியாக நிற்கும் என்பதை மறுக்க முடியாது.

அந்த வேலி நகரக்கூடியது என்பதற்கும் இதே கடற்கரையில் சான்று உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் சிக்கியபோது, அரசின் தேடுதலுக்குக் காத்திராமல் மீனவர்களே படகெடுத்துப் போனார்கள். அதற்கு மறுவருடம், 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் மூழ்கடித்தது. கேரளக் கடலோர மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, முன்பின் பார்த்திராத உள்நாட்டு மக்களைக் காப்பாற்றப் போனார்கள். எந்த மதம், எந்த சாதி என்று கேட்டு யாரையும் படகில் ஏற்றவில்லை. ‘நம்ம ஆள்’ என்ற கணக்கில் எத்தனை பேரை அடக்குவது என்பதை மூளைச் சுரப்பு தீர்மானிப்பதில்லை. மொரீஷியஸ் ஆய்விலும் காவடியின் வலியில் பங்குகொண்டவர்களிடம், தங்கள் சமூகத்தையும் தாண்டி ‘நாங்கள் மொரீஷியஸ்காரர்கள்’ என்ற உணர்வு கூடியிருந்தது.

வளைகுடாவில் பிள்ளைகள் வேலைபார்க்க, பெரிய வீட்டில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கும் குடும்பங்கள் குமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்களின் வீடுகளும் அப்படித்தான். தொட முடியாத தூரத்தில் என்ன செய்வது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி செல்ட்ஸர், சேத் பொல்லாக் குழுவினர் 2010-இல் 7 முதல் 12 வயதுள்ள 61 சிறுமிகளை அந்நியர்கள் முன் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலரை அம்மா அணைத்துக்கொண்டாள். சிலரிடம் அம்மா தொலைபேசியில் பேசினாள். இரண்டு குழுவிலும் பதற்ற ஹார்மோனான கார்டிசோல் தணிந்தது, ஆக்சிடோசின் உயர்ந்தது. தொலைபேசிக் குரல் ஏறக்குறைய அணைப்பின் வேலையைச் செய்துவிட்டது. 2012-இல் அதே குழு, அம்மாவின் ஆறுதலை எழுத்துச் செய்தியாக அனுப்பவைத்துப் பார்த்தது. அம்மாவோடு தொடர்பே கொள்ளாத சிறுமிகளின் நிலைக்கும் இவர்கள் நிலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கார்டிசோல் தணியவில்லை, ஆக்சிடோசின் எழவில்லை.

துபாயிலோ சென்னையிலோ இருந்துகொண்டு ஊரிலுள்ள அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ‘சாப்பிட்டாச்சா’ என்று தட்டி அனுப்பிவிட்டுப் போகிறவர்கள், இன்று ராத்திரி கூப்பிட்டே கேளுங்கள்.